மீசைக்காரனுக்கு உடம்பு சரியில்லை

கெளுத்தின்னு சொன்னவுடனே உங்கள்ல முக்காவாசிப் பேருக்கு நாக்குல எச்சில் ஊறும்னு தெரியும். புளி தூக்கலா வெச்ச குழம்பு, மறுநாள் காலையில பழைய சோத்துக்குத் தொட்டுக்கிட்டா... சரி சரி, இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை மக்களே. இது கண்ணாடித் தொட்டியில வளர்க்கிற கெளுத்தி. ரெண்டு அங்குலம், மிஞ்சிப்போனா ரெண்டரை. குழம்புக்கு ஆகாது. :-)

கோரிடோராஸ்னு பேரு. கடையில 'கோரி'ன்னு கேட்டாப் போதும், எடுத்துக் குடுப்பாங்க. சொந்த ஊர் தென்னமெரிக்கா. உடம்புல செதில் கிடையாது, ரெண்டு பக்கமும் ஓடு வேய்ஞ்ச மாதிரி எலும்புத் தகடு ரெண்டு வரிசை. வாயைச் சுத்தி மீசை. அந்த மீசையால தரையைத் தடவித் தடவித்தான் சாப்பாடு தேடும். தனியா வெச்சா ஏங்கிப் போயிடும், அஞ்சாறு பேர் கூட்டமா இருந்தாத்தான் தெம்பு. என்கிட்ட இருந்தது வெண்கல நிறத்துல மின்னுற வகை, ஏழு பேர். (இதுக்கு ரொம்ப வருஷமா 'கோரிடோராஸ் ஏனியஸ்'னு அறிவியல் பேர் இருந்தது. 2024-ல ஆராய்ச்சிக்காரங்க அந்தக் குடும்பத்தையே பிரிச்சுப் போட்டு, இதை 'ஓஸ்டியோகாஸ்டர் ஏனியா'ன்னு மாத்திட்டாங்க. மீனுக்கு இதெல்லாம் தெரியாது, பாவம்.)

மருத்துவம் பேசுறதுக்கு முன்னாடி ஒரு பொய்யைத் தூக்கி வெளிய போடணும். கெளுத்தி வாங்கினா தொட்டி தானா சுத்தமாயிடும்கிற பொய். கடையில 'டேங்க் கிளீனர்'னு சொல்லித்தான் விக்கிறாங்க. வாங்குறவங்களும் மத்த மீன் போடுற கழிவை இது தின்னுடும்னு நம்பி, சாப்பாடே போடாம விட்டுடறாங்க. எந்தக் கெளுத்தியும் கழிவைத் தின்னு வாழாது. சாப்பிடும், தானும் கழிவு போடும், அவ்வளவுதான். ஒட்டின வயித்தோட கடைத் தொட்டிக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருக்கிற சக்கர் மீனைப் பாத்திருப்பீங்க. அதுக்கு நோய் ஒண்ணும் இல்லைங்க, பட்டினி. சுரைக்காய்த் துண்டும் ஒரு மரக்கட்டையும் போட்டா ரெண்டு வாரத்துல வயிறு எழும்பிடும். ஆனா அந்த சக்கர் ஒரு அடிக்கு மேல வளர்ந்து தொட்டியை அடைச்சுக்கும்போது, புண்ணியமாப் போகட்டும்னு ஏரியில விடறாங்க பாருங்க, அது பாவக் கணக்குலதான் சேரும். நம்ம ஊர் நீர்நிலையில பெருகி, நாட்டு மீனோட இடத்தையும் சாப்பாட்டையும் பிடுங்கிக்குது. வேணாம்னா வாங்கின கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க.

சரி, உடம்பு சரியில்லைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கெளுத்தி விஷயத்துல இது கொஞ்சம் குழப்பமான சமாச்சாரம். ஏன்னா நல்லா இருக்கும்போதே அது பண்றதெல்லாம் சீக்காளி மாதிரிதான் இருக்கும். திடீர்னு தரையிலேர்ந்து ராக்கெட் மாதிரி மேல போயி ஒரு வாய் காத்தைக் கவ்விக்கிட்டு அதே வேகத்துல கீழ வரும். புதுசா வளர்க்கிறவங்க பதறிப்போவாங்க. பதற வேண்டாம். செவுள் போக, குடலாலயும் மூச்சு விடற மீன் அது. முழுங்கின காத்துலேர்ந்து ஆக்ஸிஜனைப் பின்குடல் உறிஞ்சிக்கும், மிச்சம் பின்வழியா வெளிய போயிடும். அமேசான் பக்கம் சேறும் சகதியுமா தண்ணி கெட்டுப்போன இடத்துலயும் தாக்குப்பிடிக்கிறது அந்த வித்தையாலதான். அதே மாதிரி அரை மணி நேரம் அசையாம ஓரமாப் படுத்துக்கிடக்கும். அதுவும் சகஜம். கண்ணை உருட்டும்போது நம்மளப் பாத்து கண்ணடிக்கிற மாதிரியே இருக்கும். அதுவும் சகஜம், தப்பா எடுத்துக்காதீங்க. :-)

கவனிக்க வேண்டியது எத்தனை தடவைங்கிறதைத்தான். மணிக்கு ரெண்டு மூணு தடவை மேல போற மீன், நிமிஷத்துக்கு ஒரு தடவை போகுதுன்னா அதுக்குக் கீழ மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். மேல முதுகுத் துடுப்பை விறைப்பா நிமிர்த்தாம உடம்போட ஒட்டி மடக்கி வெச்சிருந்தா, சொகமில்லை. மீசை நுனி மழுங்கி, வேர் வரைக்கும் குறைஞ்சிருந்தா, தரை கெட்டிருக்கு. வயித்துப் பக்கம் ரத்தம் கட்டின மாதிரி சிவப்பா இருந்தா, கிருமி உள்ள போயாச்சு. சாப்பாடு போட்டவுடனே எண்ணிப் பாக்கறது ரொம்ப நல்ல பழக்கம். ஏழுல ஆறுதான் வந்திருக்குன்னா, ஏழாவது எங்கேன்னு தேடுங்க. மரக்கட்டைக்குப் பின்னாடி இருக்கும்.

இதையெல்லாம் பொஸ்தகத்துல படிச்சிருந்தாலும், எல்லாத்தையும் ஒரே வாரத்துல ஒரே தொட்டியில பாத்தது 2019-ல.

அந்த வருஷம் மே, ஜூன்ல சென்னையில இருந்தவங்களுக்கு நான் ஒண்ணும் விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்தது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலேர்ந்து 25 லட்சம் லிட்டர் தண்ணியோட வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்ததை டிவியில கல்யாண ஊர்வலம் மாதிரி காட்டினாங்களே, அந்த வருஷம். எங்க மடிப்பாக்கம் அபார்ட்மென்ட்ல 18 வீடு. போர் ஏப்ரல்லயே காத்து விட ஆரம்பிச்சது. அப்புறம் தனியார் லாரிதான். லாரி வந்து சம்ப்புல ஊத்தும், மோட்டார் போட்டு மேல ஏத்தி, காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் குழாயில வரும். குடிக்கிறதுக்குக் கேன்.

தொட்டி மூணு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம். நூறு லிட்டர் சொச்சம் பிடிக்கும். ஏழு கோரி, ஆறு பிளாட்டி. லாரித் தண்ணி முதல்ல வந்தப்போ சோதிச்சுப் பாத்து, பரவாயில்லைன்னுதான் பயன்படுத்திக்கிட்டிருந்தேன். மூணாவது வாரம் ஒரு காலையில ஆபீஸ் கிளம்பும்போது பாக்கறேன், கோரியெல்லாம் மேலயும் கீழயும் ஷட்டில் அடிக்குது. ஷூவைக் கழட்டிட்டு உக்காந்துட்டேன். ஒரே மீனை வெச்சுக் கண்ணு வாங்காம எண்ணினா, பத்து நிமிஷத்துல 14 தடவை. செவுள் தையல் மெஷின் மாதிரி அடிக்குது. ரெண்டுக்கு மீசை பாதிதான் இருக்கு. ஒண்ணுக்கு வயிறு சிவப்பு. இன்னொண்ணுக்கு மேலுதட்டுல வெள்ளையா என்னவோ.

பிளாட்டி ஆறும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்திக்கிட்டிருக்கு!

இந்த இடத்துலதான் நோயைப் பத்தி யோசிக்கணும். தொட்டியில ஒரு சாதி மட்டும் படுத்து, இன்னொரு சாதி ஜாலியா இருந்தா, ஒட்டுவாரொட்டி நோயைவிட தண்ணி மேலதான் எனக்கு முதல் சந்தேகம். பிளாட்டி உப்புச் சத்து தூக்கலான கடின நீர்ல வளர்ற மீன். கோரி மென்னீர்ல வளர்ற மீன். தவிர, கோரி குடியிருக்கிறது தரையில. தின்னு மிஞ்சினது, கழிவு, அழுகின இலை எல்லாம் போய்ச் சேர்ற இடத்துலதான் அதோட மூஞ்சி எந்நேரமும் இருக்கு. தண்ணி கெட்டா முதல் அடி அதுக்குத்தான்.

தெர்மாமீட்டர் 32 டிகிரி காட்டிச்சு. கோரிக்கு 25 பக்கம் இருந்தா சௌகரியம். தண்ணி சூடாக ஆக அதுல கரையற ஆக்ஸிஜன் குறையும். சோடா பாட்டில் வெயில்ல இருந்தா கேஸ் போயிடற மாதிரிதான். அடுத்தது பி.ஹெச். எப்பவும் 7.4 இருக்கிற தொட்டியில 8.2. கடைசியா அம்மோனியா. இந்த டெஸ்ட்டுல மஞ்சள் நிறம் வந்தா நிம்மதி, பச்சை வந்தா சங்கடம். வந்தது இளம்பச்சை. அட்டையோட ஒப்பிட்டா லிட்டருக்கு அரை மில்லிகிராம்.

அரை மில்லிகிராம் பெரிசா என்னன்னு கேப்பீங்க. சூட்சுமமே அங்கதான் இருக்கு. தண்ணியில அம்மோனியா ரெண்டு வேஷத்துல இருக்கும். அம்மோனியம்னு ஒண்ணு, அவ்வளவா கடிக்காது. வெறும் அம்மோனியா இன்னொண்ணு, செவுளைப் பொசுக்கிடும். எது எவ்வளவுங்கிறதைத் தீர்மானிக்கிறது பி.ஹெச்.சும் சூடும். 7 பி.ஹெச்., 25 டிகிரியில நூறு பங்குல ஒரு பங்குகூட விஷ வேஷத்துல இருக்காது. 8.2, 32 டிகிரிக்குப் போனா நூத்துக்குப் பன்னெண்டு பங்குக்கு மேல. கிட்டத்தட்ட இருபது மடங்குங்க! கிட்டுல தெரியற பச்சை என்னவோ ரெண்டுக்கும் ஒரே பச்சைதான். அதனால அம்மோனியா எண்ணை மட்டும் தனியா சொல்லி யாராவது வைத்தியம் கேட்டா, நான் பி.ஹெச்.சும் சூடும் கேக்காம வாயைத் திறக்கறதில்லை.

அடுத்த கேள்வி, அம்மோனியா எங்கேர்ந்து வந்தது? முந்தின நாள் சாயங்காலம் 40 லிட்டர் மாத்தியிருந்தேன், குளோரின் முறிக்கிற மருந்து போட்டுத்தான். ஃபில்டர் ஓடிக்கிட்டிருக்கு, செத்த மீன் எதுவும் இல்லை. குழாய்த் தண்ணியை ஒரு டம்ளர்ல பிடிச்சு அதையே சோதிச்சேன். பச்சை. தொட்டியைவிட நல்ல பச்சை, ஒரு மில்லிகிராம். வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சப்போ, "லாரி ஒரு வாரமா வேற கெணத்துலேர்ந்து வருது சார், பழைய கெணறு வத்திப்போச்சாம்"னார்.

இதுக்கு நடுவுல, வழக்கமா மீன் வாங்கற கடைக்கு போன் போட்டேன். கடைக்காரத் தம்பி ரொம்ப நல்ல பையன். "அண்ணே, ஒரு கைப்பிடி கல் உப்பு, நீல மருந்து பத்து சொட்டு, பச்சை மருந்து பத்து சொட்டு. ஹீட்டரைப் போட்டு 32-ல வெச்சிருங்க. மூணே நாள்"னு மூச்சு விடாம சொன்னார். நம்ம ஊர்ல எல்லா மீன் நோய்க்கும் இதுதாங்க மருந்துச் சீட்டு. ஹீட்டர் போடாமலே 32 இருக்கு தம்பின்னேன். சிரிச்சார்.

அந்தச் சீட்டு ஒண்ணும் முட்டாள்தனம் இல்லை. வெள்ளைப்புள்ளி நோய்க்கு அது சரியான வைத்தியம். உப்புத் தூவின மாதிரி உடம்பெல்லாம் புள்ளி வருமே, அது ஒரு ஒட்டுண்ணி. மீன் தோலுக்குள்ள இருக்கிற வரைக்கும் எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்னு கொழுத்து, தோலை விட்டு விழுந்து, தரையில முட்டை ஓடு மாதிரி கட்டிக்கிட்டு, நூத்துக்கணக்குல குட்டி போட்டு, அந்தக் குட்டிங்க மீனைத் தேடி நீந்துதே, அந்தச் சமயத்துலதான் மருந்து அதைக் கொல்லும். சூடு ஏத்தினா இந்தச் சுழற்சி சீக்கிரம் முடிஞ்சு, குட்டிங்க சீக்கிரம் வெளிய வரும். அதுக்குத்தான் ஹீட்டர். ஆனா எங்க வீட்டுல வந்தது வெள்ளைப்புள்ளி இல்லையே. செவுள் வெந்துபோன மீனுக்கு இன்னும் சூடு ஏத்தறது, ஆஸ்துமாக்காரரை அடுப்பங்கரையில உக்கார வைக்கிற கதை. பச்சை மருந்துங்கிறது மாலகைட் கிரீன். அதுவும் செம்பு கலந்த மருந்தும் கெளுத்தி வகைக்கு ஒத்துக்காது. போட்டே ஆகணும்னா பாதி அளவுதான். நீல மருந்தான மெத்திலீன் புளூவைப் பெரிய தொட்டியில விட்டா, அம்மோனியாவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்தற நல்ல பாக்டீரியாவும் சேந்து செத்துடும். அப்புறம் அம்மோனியா இன்னும் ஏறும். நோயைவிட வைத்தியம் மோசம்கிறது இதுதான். உப்பு விஷயத்துல ரெண்டு கட்சி இருக்கு. கொஞ்சம் உப்பு கோரியைக் கொன்னுடாது. ஆனா ஒரு கைப்பிடிங்கிறது யார் கைப்பிடி? என் மச்சான் கைப்பிடின்னா கால் கிலோ வரும்.

ஆகமொத்தம் மருந்து பாட்டிலைத் தொடாம, தண்ணியைச் சரி பண்றதுன்னு முடிவு. எந்தத் தண்ணியால? குழாயில வர்றதே விஷம். கேன் தண்ணிதான் வழி. தினம் ஒரு கேன், 20 லிட்டர்.

அம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. "ஏண்டா, கீழ லாரிக்கு சனம் குடத்தோட நிக்குது. நீ மீனுக்குக் கேன் தண்ணி வாங்கி ஊத்துறியா?"

என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லைங்க. எங்க தெருக்கோடியில குடிசை வீட்டுக்காரங்க ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அடிபம்ப்பு அடிச்சிட்டிருந்த நாள் அது. வளர்க்கறேன்னு கூட்டிட்டு வந்த உயிரு, அதுவும் ஒரு கண்ணாடிப் பெட்டியில அடைச்சு வெச்சிருக்கிற உயிரு, அது தானா வேற குளத்தைத் தேடிப் போக முடியாதுங்கிறதை மட்டும் சொன்னேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏசியில சொட்டுற தண்ணி பக்கெட் பக்கெட்டா வருதே, அதை ஊத்தேன்"னாங்க.

நல்ல யோசனைதான். உப்பே இல்லாத தண்ணி. ஆனா ஏசிக்குள்ள செம்புக் குழாய் மேல பட்டு வழிஞ்சு வர்ற தண்ணி, அழுக்கு வேற. செம்பு கோரிக்கு ஆகாதுன்னேன். உடனே அம்மா ஒரு பண்டமாற்றுக் கணக்கு போட்டாங்க. ஏசி தண்ணி வீடு துடைக்கவும் துணி அலசவும். தொட்டியிலேர்ந்து எடுக்கிற 20 லிட்டர் பாத்ரூமுக்கும் துளசிச் செடிக்கும். அந்த அளவுக்கு லாரித் தண்ணியில எங்க பங்கைக் குறைச்சுக்கறது. கேன் காசு மட்டும் என் பாக்கெட்லேர்ந்து. சிட்டை எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டாங்க. ரிசர்வ் வங்கி தோத்தது.

வைத்தியம் இவ்வளவுதான். தினமும் 20 லிட்டர் வெளிய, 20 லிட்டர் கேன் தண்ணி மெதுவா, ஏர் டியூப் வழியா சொட்டுச் சொட்டா ஒரு மணி நேரத்துக்கு மேல. ஒரேயடியா ஊத்தினா பி.ஹெச். மாற்றமே மீனைக் கொன்னுடும். தொட்டி மேல மூடியைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் தண்ணிப் பரப்பு மேல திருப்பி விட்டேன். ஆவியாகும்போது சூடு குறைஞ்சு ரெண்டே நாள்ல 29-க்கு வந்துடுச்சு. (ஐஸ் போடறேன்னு கிளம்பாதீங்க. ஏறி இறங்கற சூடு இன்னும் மோசம்.) இன்னொரு ஏர் மோட்டார். நாலு நாள் சாப்பாடு கிடையாது. கோரி நாலு நாள் பட்டினியைத் தாங்கும், அழுகற தீனியைத் தாங்காது.

நோயாளிங்க ரெண்டு பேரையும் தனி டப்புக்கு மாத்தினேன். இங்க ஒரு விஷயம். கோரியை வலை போட்டுப் பிடிக்காதீங்க. மார்புத் துடுப்புல இருக்கிற முள்ளை விறைச்சுப் பூட்டு போட்ட மாதிரி நிறுத்திக்கும். வலையில சிக்கினா எடுக்கறதுக்குள்ள மீனுக்கும் காயம், நம்ம விரலுக்கும் காயம். ஐஸ்கிரீம் டப்பாவைத் தண்ணிக்குள்ளயே சாய்ச்சு, தண்ணியோட அள்ளிட்டா வேலை சுலபம். டப்புல மணல் இல்லை, பழைய ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒண்ணு, ஒளிஞ்சுக்க உடைஞ்ச மண்சட்டி ஒண்ணு, மேல ஒரு துண்டு.

வயிறு சிவந்த மீன் சுத்தமான தண்ணியில மூணு நாள் கிடந்து தானாவே தேறுச்சு. வெள்ளை உதட்டுக்காரன்தான் கவலை. வாயில வெள்ளையா இருந்தா உடனே பூஞ்சைன்னு முடிவு கட்டிடறோம். பூஞ்சைன்னா பஞ்சு மாதிரி நூல் நூலா வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், மெதுவா வளரும். இது தட்டையா, சாம்பல் கலந்த வெள்ளை. மறுநாளே முதுகுல குதிரைச் சேணம் போட்ட மாதிரி ஒரு பட்டை. காலம்னாரிஸ்னு சொல்ற பாக்டீரியா. செவுளோ தோலோ ஏற்கெனவே புண்ணான மீன் மேல சுலபமா ஏறிக்கும். சூடு கூடக் கூட வேகமாப் பரவும். கடைக்காரத் தம்பியோட ஹீட்டர் வைத்தியத்துக்கு நேர் எதிரி இவன். டெட்ராசைக்ளின் கேப்சூலை உடைச்சுப் போடறவங்க உண்டு. ஆனா கடின நீர்ல இருக்கிற கால்சியம் அந்த மருந்தைக் கட்டிப்போட்டுடும், பாதி வேலைகூட செய்யாது. நான் நைட்ரோஃபியூரசோன் இருக்கிற மஞ்சள் பொடியைப் போட்டேன். குழம்பு மீன்ல தடை செஞ்ச மருந்து அது, அழகு மீனுக்கு மட்டும்தான். கையில உறை போட்டுக்கணும். வெளிச்சத்துல வீரியம் போயிடும், அதனால டப்பை மூடியே வெச்சிருந்தேன்.

பெரிய தொட்டியில ரெண்டாம் நாள் காலையில ஒண்ணு செத்துக் கிடந்தது. டப்புல இருந்த வெள்ளை உதட்டுக்காரன் நாலாம் நாள் பக்கவாட்டுல சாஞ்சுட்டான். பட்டை செவுள் வரைக்கும் வந்தாச்சு. மேல போய்க் காத்து வாங்கற தெம்பு இல்லை. முயற்சி பண்ணும், பாதி தூரம் போகும், சுருண்டு விழும். மறுபடி முயற்சி பண்ணும். தங்கமணி அதை அஞ்சு நிமிஷம் பாத்தாங்க. எதுவும் கேக்காம நாட்டு மருந்துக் கடைக்குப் போயி கிராம்பு எண்ணெய் வாங்கிட்டு வந்து மேசை மேல வெச்சாங்க. முந்தி எப்பவோ நான் சொன்னதை ஞாபகம் வெச்சிருக்காங்க. கிராம்பு எண்ணெய் மீனுக்கு மயக்க மருந்து. கொஞ்சமா குடுத்தா தூங்கும், நிறைய குடுத்தா எழுந்திருக்காது. வெதுவெதுப்பான தண்ணியில நல்லாக் குலுக்கிக் கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா விட்டேன். துடிக்கலை. வீடு முழுக்க பிரியாணி வாசம் அடிச்சது. ரெண்டு அங்குல மீனுக்காக இவ்வளவு நேரம் எழுதறது உங்கள்ல சிலருக்குச் சிரிப்பா இருக்கலாம். பரவாயில்லை.

நடுவுல இன்னொரு சமாச்சாரம். மூணாவது மாடி அக்கா என் டெஸ்ட் கிட்டைப் பாத்துட்டு, "தம்பி, மீனுக்கு ஆகாத தண்ணியிலயா நாங்க குழந்தையைக் குளிப்பாட்டறோம்?"னு கேட்டாங்க. அந்த அளவு அம்மோனியா மனுஷனை நேரடியா ஒண்ணும் செய்யாது. ஆனா நம்ம நாட்டுக் குடிநீர்த் தரக் கணக்குப்படி அரை மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. கெணத்துத் தண்ணியில அது இருந்தா சாக்கடையோ உரமோ கசியுதோன்னு சந்தேகப்படணும்னு சொன்னேன். அசோசியேஷன் செலவுல ஒரு பாட்டில் லேபுக்குப் போச்சு. சாக்கடைக் கிருமி இருக்குன்னு ரிசல்ட் வந்தது. அன்னைக்கு சாயங்காலமே லாரியை மாத்தினாங்க, சம்ப்பைக் கழுவினாங்க. அதுக்கப்புறம் லாரி வந்தா வாட்ச்மேன் ஒரு டம்ளர்ல பிடிச்சுக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வருவார். "சார், மஞ்சளா பச்சையா?" மஞ்சள்னு சொன்னப்புறம்தான் குழாயைத் திறப்பாங்க. அம்மா கேன் சிட்டையை ஃபிரிட்ஜ்லேர்ந்து கழட்டிட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு, "இருக்கட்டும் போடா"ன்னாங்க.

பன்னெண்டாம் நாள் தொட்டியில அம்மோனியா சுத்தமா இல்லை, பி.ஹெச். 7.5, மீதி அஞ்சும் சாப்பாட்டுக்கு ஓடி வந்தது. தரையையும் மாத்தினேன். கூழாங்கல் இடுக்குல தீனி போய் அழுகி மீசையைத் தின்னுடுது. ஆத்து மணல் கோரிக்கு ரொம்ப இஷ்டம். மூஞ்சியைப் புதைச்சு, மணலை வாய்வழியா வாங்கி செவுள் வழியா விடும். இப்போ ஆத்து மணல் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. எம்-சாண்ட் போடாதீங்க, பாறையை உடைச்சது, முனையெல்லாம் கூரா இருக்கும். சித்தப்பா வீடு கட்டினப்போ மிஞ்சின அரை மூட்டை இருந்தது, சலிச்சு, பதினஞ்சு தடவை அலசி (ஏசி தண்ணியிலதான்!) ஒரு அங்குலம் பரப்பினேன். மீசை வேர் போகாத வரைக்கும் திரும்ப வளரும். மூணு மாசத்துல முக்கால்வாசி வந்துடுச்சு. ஒருத்தனுக்கு மட்டும் இடது பக்கம் வரவே இல்லை.

அக்டோபர்ல மழை பிடிச்சது. மாடியில சுத்தமா பிடிச்ச மழைத் தண்ணியில அரை பக்கெட்டை, குழாய்த் தண்ணியோட கலந்து தொட்டியில மாத்தினேன். சூடு 26-க்கு இறங்கிச்சு. கோரிக்கு மழைக்காலம்னா கல்யாண சீசன். குளிர்ந்த மென்னீர் வந்தா அதுக்கு ஊர்ல வெள்ளம் வந்த ஞாபகம் போல. மறுநாள் காலையில முன் கண்ணாடியில ஜவ்வரிசி ஒட்டின மாதிரி முட்டை, முப்பதுக்கு மேல. பிளாட்டிங்க டிபன் சாப்பிட்டது போக மிச்சத்தைப் பழைய ஏடிஎம் கார்டால வழிச்சு அதே டப்புல போட்டேன். மூணு பொரிஞ்சது. கண்ணும் மீசையும் மட்டும் வெச்சுக்கிட்டு கொசுப்புழு சைஸ்ல சுத்தற ஜந்து. அம்மா பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு, "இதுக்கும் கேன் தண்ணிதானா?"ன்னாங்க.

இல்லம்மா, மழைத் தண்ணி.